உத்தம க்ஷமையும் உரோம் நகர உடன்படிக்கையும்



தசலட்சண பர்வத்தின் முதல் நாள் உத்தம க்ஷமைக்கு உரியது என்பதனை இவ்விதழைப் படிக்கும் இல்லங்களில் அறியாதார் இலர். எங்கள் ஊர் ஜினாலயத்தில் அன்று, பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு மாதர் அனைவரும் முன்மண்டபத்தில் கூடுவது நெடுநாளைய வழக்கம். ஒருவர் நூலைப் படிப்பார், ஏனையோர் கேட்பர், ஐயம் எழுந்தால் கலந்து பேசுவோம். ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற நாள்தொட்டு, படிக்கும் பொறுப்பு எம்மைச் சேர்ந்தது. சென்ற ஆண்டு, அன்றைய பகுதியைப் படித்து நூலைக் கட்டும் வேளையில் கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி எழுந்து நின்றாள்.

"டீச்சரம்மா, எறும்பை மிதிக்கக் கூடாது, தண்ணீரை வடிகட்டிக் குடிக்க வேண்டும், இருட்டிய பின் உண்ணக் கூடாது என்பதெல்லாம் கேட்டாயிற்று. ஒரு நாட்டு மக்கள் தமக்குள்ளேயே வெட்டிக்கொண்டு சாகும்போது அஹிம்சையால் ஆகக்கூடியது ஏதேனும் உண்டா? உண்டென்றால் எங்கே, யார், எப்படிச் செய்தார்கள் என்று சொல்லுங்கள். புராணத்திலிருந்து வேண்டாம்."

மண்டபத்தில் சிறு சலசலப்பு. 'பெரியவரிடம் இப்படியா கேட்பது' என்று அவள் தாயார் முந்தானையைப் பிடித்து இழுத்தார். எமக்கோ உள்ளூர மகிழ்ச்சி. வகுப்பில் இத்தகைய வினா எழாத நாளை வீண் நாளென்றே எண்ணி வந்தவர்கள் யாம். ஒரு நாள் தவணை கேட்டோம். மறுநாள் மாலை, பழைய வழக்கப்படி பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு, பேரனின் நிலப்படப் புத்தகத்தையும் கையிலெடுத்துக்கொண்டு சென்றோம். அன்று பேசியதும் அதன்பின் நிகழ்ந்ததுமே இக்கட்டுரை.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது பயிற்சிப் பள்ளியில் எமக்கு முதன்முதலாகக் கற்பித்த விதி. ஆதலின் வாஸ்கோ ட காமாவிலிருந்து தொடங்கினோம். அவர் 1498ஆம் ஆண்டு கள்ளிக்கோட்டை வந்து சேருமுன் தங்கிச் சென்ற ஆப்பிரிக்கக் கரைகளுள் ஒன்று மொசாம்பிக். அக்கண்டத்தின் தென்கிழக்கில், இந்துமாக் கடலை நோக்கி நீண்டு கிடக்கும் நாடு. போர்த்துக்கீசியர் பல நூற்றாண்டு அங்கே வேரூன்றியிருந்து, 1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் அகன்றனர். விடுதலைப் போரை நடத்திய பிரெலிமோ இயக்கம் ஆட்சியை ஏற்றது. ஈராண்டு கழிவதற்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. எதிர்த்து நின்ற படையின் பெயர் ரெனாமோ. அதனைத் தொடக்கத்தில் ஊட்டி வளர்த்தது அண்டையிலிருந்த ரொடீஷிய வெள்ளையர் அரசு. 1980இல் அவ்வரசு மறைந்து ஜிம்பாப்வே தோன்றியபின், தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு அப்பணியை மேற்கொண்டது.

1992 வரை நீடித்த அப்போராலும், போர் கொணர்ந்த பஞ்சத்தாலும் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். பதினைந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து அகதிகளாயினர். பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் எரிக்கப்பட்டன. கல்வி கற்பித்தவர் என்னும் ஒரே காரணத்திற்காக ஆசிரியர்கள் கொல்லப்பட்டனர். சிறுவரைக் கடத்திச் சென்று அவர்கள் கையில் துப்பாக்கியைத் திணித்தனர். நிலத்தில் புதைத்த கண்ணிவெடிகளை முற்றிலும் அகற்றிவிட்டோம் என்று அந்நாடு அறிவிக்க 2015ஆம் ஆண்டு ஆயிற்று என்றால், விதைத்ததன் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, இப்போரை நிறுத்த முனைந்தோர் யாவர்? வல்லரசுகள் அல்ல. ஐக்கிய நாடுகள் சபையும் பிற்பாடே வந்தது. உரோம் நகரத்தின் திராஸ்தேவெரே என்னும் பழைய பகுதியில் வாழ்ந்த ஒரு சிறு பக்தர் குழுவினரே முதலில் வந்தனர்.

1968ஆம் ஆண்டு அந்திரேயா ரிக்கார்தி என்னும் பதினெட்டு வயது மாணவர், உடன் பயின்றோர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, வேதநூலைப் படிப்பது, வழிபடுவது, ஏழைக்கு உதவுவது என்று தொடங்கிய குழு அது. நகரத்தின் புறத்தே தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த ஏழைக் குழந்தைகளுக்குப் பிற்பகல் தோறும் பாடம் சொல்லிக் கொடுப்பது அவர்கள் முதன்முதல் மேற்கொண்ட தொண்டுகளுள் ஒன்று. (இதனைச் சொல்லுங்கால் எம் குரல் சற்று உயர்ந்ததாகப் பின்னர்க் கூறினர். ஆசிரியர்க்கு ஆசிரியர் மீதுள்ள பற்று போகாது.) பிற்பாடு, துறவுப் பெண்டிர் முன்னர் வாழ்ந்த பழைய மடமொன்று அவர்கட்கு இருப்பிடமாயிற்று. அம்மடத்துச் சிறு கோயிலின் பெயராலேயே சாந்த் எஜீதியோ சமூகம் என்று அழைக்கப்பட்டனர். பெரும்பாலோர் இல்லறத்தார். பகலில் ஏதோ ஒரு வேலை பார்ப்பவர். மாலையில் கூடி வழிபடுபவர். அம்மண்டபத்தில் அமர்ந்திருந்த நம்மைப் போன்றவர்களே.

மொசாம்பிக்கிற்கும் இவர்கட்கும் தொடர்பு எவ்வாறு வந்தது? நட்பினால் வந்தது. உரோமில் படிக்க வந்த ஜைமே கொன்சால்வெஸ் என்னும் மொசாம்பிக் நாட்டுக் குருவானவர் இவர்கட்கு நண்பரானார். அவர் தம் நாடு திரும்பிப் பெய்ரா நகரத்தின் ஆயரானார். மார்க்சிய வழியை மேற்கொண்ட அந்நாட்டு அரசு, கோயில்களின் சொத்தைப் பறித்து வழிபாட்டிற்குப் பல தடைகளை விதித்திருந்தது. நண்பரின் துன்பத்தைக் கேட்ட குழுவினர், இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சித் தலைவர்கள் வாயிலாக அவ்வரசுடன் பேசத் தொடங்கினர். பஞ்சம் வந்தபோது உணவும் மருந்தும் திரட்டி அனுப்பினர். உணவு அனுப்பிய பின்னரே உணர்ந்தனர், போர் நிற்காத வரையில் எத்தனை கப்பல் அனுப்பினும் பசி நில்லாதென்று. ஆயர் கொன்சால்வெஸ், உயிருக்கு அஞ்சாது காட்டிற்குள் சென்று ரெனாமோத் தலைவர் அஃபோன்சோ தலக்காமாவைக் கண்டு பேசினார். அவர்கள் இருவரும் ஒரே தாய்மொழிக்காரர் என்பது அங்கே பேருதவியாயிற்று.

1990ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், அப்பழைய மடத்தில் இரு தரப்பினரும் முதன்முதலாக எதிரெதிரே அமர்ந்தனர். அரசின் சார்பில் அர்மாண்டோ கெபூசா. ரெனாமோவின் சார்பில் ரவுல் டோமிங்கோஸ். சந்து செய்விக்க நால்வர்: ரிக்கார்தி, அவர் குழுவைச் சேர்ந்த இளங்குருவானவர் மத்தேயோ சுப்பி, ஆயர் கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரஃபாயேல்லி. தொடக்கத்தில் இந்நால்வரும் பார்வையாளர் என்ற பெயரிலேயே இருந்தனர். எந்த நாட்டை நடுவராகக் கொள்வது என்பதில் இரு தரப்பினர்க்கும் இசைவு ஏற்படாமையால், நாளடைவில் இவர்களையே நடுவராக ஏற்றனர்.

ஏன் ஏற்றனர்? இவ்விடத்தில் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். அந்நாட்டின் துறைமுகத்திலோ கனிமத்திலோ இவர்கட்கு விருப்பம் இல்லை. பெற வேண்டுவது எதுவுமில்லை. அச்சுறுத்தப் படையும் இல்லை. அபரிக்கிரகத்தை நாம் வீட்டுப் பெட்டியிலுள்ள நகைக்கும் வயலுக்கும் எல்லை கட்டும் விரதமாகவே எண்ணி வருகிறோம். பற்றின்மை பிறர் நம்பிக்கையைப் பெற்றுத் தரும் என்பதனை எம் எழுபது வயதிற்குப் பின், நம் சமயத்தைச் சாராத ஒரு குழுவின் வரலாற்றிலிருந்து கற்றுக்கொண்டோம். எனினும் உண்மையை மறைக்கலாகாது. பேச்சுச் செலவை ஏற்க இத்தாலிய அரசு இருந்தது. நிறவெறி ஆட்சி தளர்ந்து வந்தது. வல்லரசுகளின் பனிப்போர் முடிந்துகொண்டிருந்தது. 1991–92இல் வந்த பெரும் வறட்சியில் இரு படைக்கும் உணவில்லை. காலம் கனிந்திருந்தது. ஆனால் கனிந்த காலங்கள் பலவற்றை உலகம் வீணே உதிர விட்டிருக்கிறது.

முதல் அமர்வில் எதைப் பேசினர் என்பதே நாம் கருத்தூன்றத் தக்கது. யார் முதலில் சுட்டார், எவர் எத்தனை பேரைக் கொன்றார் என்று தொடங்கவில்லை. அரசு அதுவரை ரெனாமோவினரை 'ஆயுதக் கொள்ளையர்' என்றே அழைத்து வந்தது. ரெனாமோவினர்க்கோ அவ்வரசு மக்கள் ஏற்காத பொம்மை. ஒருவர்க்கு ஒருவர் பெயரே இல்லை. நடுவர்கள், பிரிப்பதை ஒருபுறம் வைத்து, இணைப்பது எது என்று தேடினர். இரண்டாம் நாள் கடந்து, ஜூலை 10ஆம் நாள் வெளியிட்ட கூட்டறிக்கையில் இரு தரப்பினரும் தம்மை ஒரே நாட்டவர் என்றும், மொசாம்பிக் என்னும் பெருங்குடும்பத்தின் உறுப்பினர் என்றும் ஒப்புக்கொண்டனர். அவ்வளவே. போர் அன்று நிற்கவில்லை. ஒரு துப்பாக்கியும் கீழிறங்கவில்லை. ஆனால் கொள்ளையன் என்ற சொல் மேசையை விட்டு இறங்கிற்று.

அநேகாந்தத்தை நாம் குழந்தைகட்கு யானையும் குருடரும் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அதில் தவறில்லை, எனினும் அதன் கூர்மை அவ்வளவில் புலப்படாது. ஒரு பொருளை ஒரு கோணத்தினின்று காண்பது நயம், அது குற்றமன்று. தன் கோணத்தையே முழு உண்மையென்று கொண்டு ஏனைய கோணங்களை மறுப்பது துர்நயம். மொசாம்பிக் அரசு கூறியது யாது? இப்படையை அயல்நாட்டார் உருவாக்கினர், இது குழந்தைகளைக் கடத்துகிறது என்றது. உண்மை. ரெனாமோ கூறியது யாது? இவ்வரசு உழவரை அவர்தம் நிலத்தினின்று பெயர்த்துப் பொதுக் குடியிருப்புகளில் தள்ளிற்று, ஊர்த் தலைவர்களை இழிவு செய்தது, வழிபாட்டை ஒடுக்கிற்று, ஒரு கட்சி தவிர வேறு கட்சியைப் பொறுக்கவில்லை என்றது. அதுவும் உண்மையே. இரண்டு உண்மைகள் ஒன்றையொன்று மறுத்து நின்றமையால் பத்து லட்சம் உயிர் போயிற்று. பொய்யினால் மட்டுமே போர் மூளும் என்று எண்ணியிருந்தோர்க்கு இது புதிது.

இருபத்தேழு மாதங்கள் பேசினர். பதினோரு சுற்றுகள். 1990 டிசம்பர் முதல் நாள், இரு இரயில் பாதைகளையொட்டிய பகுதிகளில் மட்டும் தாக்குதல் கூடாதென ஒரு சிறு உடன்பாடு கண்டனர். அதுவும் பலமுறை மீறப்பட்டது. இடையே மாதக்கணக்கில் பேச்சு முறிந்தது. தேர்தல், படை, கட்சிகளின் உரிமை என்று ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்து, இறுதியில் 1992ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் உரோம் நகரில் குடியரசுத் தலைவர் ஜோவாக்கிம் சிஸ்ஸானோவும் தலக்காமாவும் பொது அமைதி உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஐக்கிய நாடுகள் சபை தன் படையை அனுப்பி ஆயுதக் களைவைக் கண்காணித்தது. ரெனாமோவை அரசியல் கட்சியாக மாற்றுதற்கெனத் தனி நிதியும் திரட்டித் தந்தது. 1994 அக்டோபரில் தேர்தல் நடந்தது. தோற்றவர் காட்டிற்குத் திரும்பாமல் நாடாளுமன்றத்திற்குச் சென்றார்.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் கைதட்டிக் கலைந்திருப்பர். ஆனால் தூணருகே அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் விடவில்லை. "அதெப்படி டீச்சரம்மா? பிள்ளையைக் கடத்தியவனையும் ஊரை எரித்தவனையும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பிறகு மன்னித்தும் அனுப்பிவிட்டால், செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?"

வினா நியாயமானது. உடன்படிக்கை ஆன சில நாள்களில் அந்நாட்டு நாடாளுமன்றம் இரு தரப்பினர்க்கும் பொது மன்னிப்பு வழங்கிச் சட்டம் இயற்றிற்று. எவர் மீதும் வழக்கில்லை, விசாரணையும் இல்லை. யாம் அம்மையார்க்கு அளித்த மறுமொழி அவரை முற்றிலும் நிறைவு செய்ததாகத் தோன்றவில்லை. எம்மையும் முற்றிலும் நிறைவு செய்யவில்லை. அரசு தண்டனையை விடலாம், வினை விடாது. செய்தவன் உயிரோடு கட்டுண்ட கருமத்தை எந்த நாடாளுமன்றமும் அவிழ்க்க இயலாது. அதனை அவனே உணர்ந்து, வருந்தி, நோற்று உதிர்க்க வேண்டும். க்ஷமை என்பது அவன் வினையைக் கழிப்பதன்று. நம் உள்ளத்தில் குரோதமும் மானமும் கட்டிய கட்டை நாம் அவிழ்ப்பது. இவ்வாறு கூறினோம். "பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா?" என்று அம்மையார் கேட்டார். வாராது என்றே ஒப்புக்கொண்டோம்.

ஆயினும் அந்நாட்டுச் சிற்றூர்கள் சட்டத்திற்குக் காத்திருக்கவில்லை. கடத்தப்பட்டுப் போர்க்களத்திலிருந்து திரும்பிய சிறுவரை ஊராரும் மரபு மருத்துவரும் சடங்கு செய்து ஏற்றுக்கொண்டனர். சில ஊர்களில், சிறு புற்குடிசை ஒன்று அமைத்து, பாசறையில் உடுத்திருந்த அழுக்குத் துணியோடு சிறுவனை அதனுள் புகச் செய்வர். அவன் அத்துணியைக் களைந்துவிட்டு வெளியே வர, துணியையும் குடிசையையும் சேர்த்து எரிப்பர். அவனை ஊரில் எவரும் 'நீ என்ன செய்தாய்' என்று துருவுவதில்லை. அச்சடங்கில் கோழியைப் பலியிடுவதும் உண்டு; அதனை நாம் ஏற்பதற்கில்லை, சொல்லாமல் விடுவதற்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஒரு பிள்ளை செய்த தீங்கை அவன் உடலினின்று பிரித்துத் தீயிலிட்டு, பிள்ளையை வீட்டிற்குள் அழைத்துக்கொண்ட அத்தாய்மாரின் அறிவை என்னென்பது! அது கேட்டதும் தூணருகே இருந்த அம்மையார் ஒன்றும் கூறாமல் தலையசைத்தார்.

'புராணத்திலிருந்து வேண்டாம்' என்ற பெண்ணை நோக்கி, "ஒன்றே ஒன்று பொறுத்துக்கொள்ளம்மா" என்று இசைவு பெற்று, ஸ்ரீபுராணம் படிக்கக் கேட்ட எவரும் அறிந்த பகுதியை நினைவூட்டினோம். ஆதிபகவானின் மைந்தர் பரதரும் பாகுபலியும் சேனைகளோடு எதிர்நின்றனர். அப்போது இரு தரப்பு அமைச்சர்களும் கூடிப் பேசினர். "இவ்விருவரும் இப்பிறவியிலேயே வீடடையும் சரமசரீரிகள், இவர்கட்கு ஊறு நேராது. அழியப்போவது சேனையே" என்று கண்டு, இருவரும் தம்முள் மட்டுமே கண்ணாலும் நீராலும் மல்லாலும் பொருது முடிவு காணட்டும் என்று இசைவித்தனர். வென்ற பாகுபலி துறந்தார்; அவரைக் கோமடேசுவரராகக் கல்லில் வணங்குகிறோம். பரதரைச் சக்கரவர்த்தி என்று போற்றுகிறோம். அன்று வீடு திரும்பிய வீரர்களின் மனைவி மக்களுக்கு உயிர்ப்பிச்சை அளித்த அமைச்சர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எமக்கும் தெரியாது.

இன்னொன்று. பாகுபலி ஓராண்டு அசையாது நின்று நோற்றும் கேவலஞானம் எய்தவில்லை. தம்மால் தமையன் துயருற்றார் என்னும் சிறு நெருடல் உள்ளத்தே எஞ்சியிருந்தது. பரதர் நேரில் வந்து வணங்கிய பின்னரே அது நீங்கிற்று. வாள் உறைக்குள் போன நாளும் பகை தீர்ந்த நாளும் வேறு வேறு.

மொசாம்பிக்கிலும் அவ்வாறே ஆயிற்று. 1995 முதல் அந்நாட்டுக் கிறித்தவ மன்றம், ஆயர் டினிஸ் செங்குலானேயின் முயற்சியால், ஒளித்து வைத்த துப்பாக்கிகளைக் கொணர்வோர்க்கு மண்வெட்டியும் தையல் இயந்திரமும் மிதிவண்டியும் கொடுத்து வாங்கிற்று. அத்துப்பாக்கிகளை அறுத்துக் கலைஞர்கள் செய்த நாற்காலி ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்திருக்கிறது. இத்தனைக்குப் பின்னும் 2013இல் மீண்டும் துப்பாக்கி முழங்கிற்று. 2014இலும் 2019இலும் புதிய உடன்படிக்கைகள் தேவைப்பட்டன. ரெனாமோவின் கடைசிப் பாசறை 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே மூடப்பட்டது. நாட்டின் வடகோடியில், காபோ டெல்காடோ மாநிலத்தில், 2017இல் வேறொரு கலகம் தோன்றி ஏராளமானோரை ஊர் பெயரச் செய்தது.

அவ்வுரோமக் குழுவினரும் தொட்டதனைத்திலும் வென்றாரில்லை. 1995இல் அல்ஜீரியக் கட்சிகளைக் கூட்டி ஓர் அறிக்கை உருவாக்கினர். அந்நாட்டு அரசு அதனைப் புறக்கணித்தது. 1996இல் கொசோவோவில், அல்பேனியப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் மூடப்பட்ட பள்ளிகளுக்குத் திரும்புவதற்கென மிலோசெவிச்சையும் ருகோவாவையும் கையொப்பமிடச் செய்தனர். பள்ளிக் கதவு திறப்பதற்காகவே ஓர் உடன்படிக்கை! அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. ஈராண்டில் போர் மூண்டது. எத்தனையோ தோல்விகளைப் படித்திருக்கிறோம். இதனைப் படித்தபோதுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க நேர்ந்தது. அன்று நடுவராக அமர்ந்த இளங்குருவானவர் சுப்பி பின்னர்க் கர்தினாலாகி, 2023இல் உக்ரைன் போரின் நிமித்தம் கீவ் நகருக்கும் மாஸ்கோவிற்கும் தூது சென்றார். போர் நிற்கவில்லை. பிரிந்த குழந்தைகளையும் சிறைப்பட்டோரையும் பற்றியேனும் பேச ஒரு வாயில் வேண்டுமென்றே சென்றார்.

பேச்சு முடிந்து விளக்கை எடுக்கும் வேளை. பின்வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல்: "அத்தை, நம் வீட்டுக் கிணறு?"

எம் தம்பியின் மருமகள்.

மண்டபத்தில் அறியாதார் ஒருவரும் இலர். எம் தந்தையார் வைத்துச் சென்ற நிலத்தில் கிணறு தம்பியின் பங்கில் விழுந்தது; நீர் இருவர்க்கும் பொது என்பது பத்திரம். பதினோரு ஆண்டுகளுக்கு முன், எம் குத்தகைக்காரர் போட்ட குழாயை அவர் பிடுங்கி எறிந்தார். அது அவர் செய்தது. யாம் செய்தது யாது? உறவினர் கூடியிருந்த திருமணப் பந்தலில் அவரைத் திருடன் என்று உரக்கக் கூறினோம். அதன்பின் அவர் எம் வாசல் மிதித்ததில்லை, யாமும் அவ்வாறே. ஆண்டுதோறும் க்ஷமாவாணி நாளில் ஊர் முழுதும் கைகூப்பிப் பிழை பொறுக்க வேண்டுவோம். அந்த ஒரு வீட்டைத் தவிர்த்துச் சுற்று வழியாகத் திரும்புவோம். முப்பத்தைந்து ஆண்டு பிள்ளைகட்குப் பொறையுடைமை கற்பித்த வாய் இது.

அன்று இரவு உறக்கம் இல்லை. காலையில் ஜினாலய உபாத்தியாயரின் துணைவியாரிடம் சென்றோம். அவர்க்கு எம் குடும்பத்தோடு உறவுமில்லை. எங்கள் வயலோரம் ஒரு சாண் நிலமும் இல்லை. நடுவராக இருக்க இசைந்தார். குழாயைப் பற்றியோ பத்திரத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. "உங்கள் இருவருக்கும் இன்னும் பொதுவாக இருப்பது எது?" என்று கேட்டார். நெடுநேரம் விடை தோன்றவில்லை. பிறகு நினைவு வந்தது: எம் அன்னையார் சல்லேகனை நோற்று மறைந்த திதியன்று யாமும் உண்பதில்லை, அவரும் உண்பதில்லை என்று கேள்வி.

அதனைக் கொண்டு அவர் தம்பியின் இல்லத்திற்குச் சென்றார். முதல் அமர்வு ஜினாலயத் திண்ணையில் நடந்தது. தம்பி சுவரைப் பார்த்து அமர்ந்தார். யாம் தரையைப் பார்த்து அமர்ந்தோம். பந்தலில் கூறிய சொல்லைத் திரும்பப் பெறுகிறோம் என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். அவ்வம்மையார் வற்புறுத்தியதால் எழுதியது. இரண்டாம் அமர்வில் நீர் இறைக்கும் முறைநாள் பற்றிப் பேச்சு எழுந்து, குரல் உயர்ந்து, பாதியில் கலைந்தோம். கலையுங்கால் தம்பி, "முழங்கால் வலி எப்படி இருக்கிறது அக்கா?" என்றார்.

மூன்றாம் அமர்வு, தீபாவளிக்குப் பின் வரும் வளர்பிறை ஞாயிறன்று வைத்திருக்கிறது. குழாய் இன்னும் வரப்பில்தான் கிடக்கிறது.